விமோசனத்தின் பின்: புதுமைப்பித்தன் காட்டும் அகலிகையும் கோதமரும்

அகலிகை கதையைச் சொல்லுவோர் பெரும்பாலும் இராமனது திருவடித் துகளோடு நிறுத்திவிடுவர். கல் பெண்ணாயிற்று, பெண் கணவனைச் சேர்ந்தாள், அதற்குமேல் உரைக்க யாதுளது? புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ என்னுஞ் சிறுகதை அவ்விடத்திலேதான் தொடங்குகின்றது. வன்கொடுமைக்கு ஆளான ஒருத்தியும் அவளைச் சபித்த கணவனும் மீண்டும் ஒரு குடிலில் வாழ்தல் எங்ஙனம் என்பதே அதன் பொருள்.

இக்கதையைப் போற்றுவோர், சீதை தான் தீக்குளித்தமையைக் கூற, அகலிகை கொதித்தெழும் கட்டத்தையே எடுத்துக்காட்டுவர். பட்டிமண்டபங்களுக்கு அது நல்விருந்து. எனினும் கதையின் உயிர் அதற்கு முன்னரே, குடிலின் அமைதியினுள்ளே இருக்கின்றது. கோதமர் தம் சினத்துக்குத் தாமே நாணுகின்றார். தாம் பேசும் சொல் மனைவியைச் சுடுமோ எனத் தயங்குகின்றார். அவளோ அவரது எளிய சொல்லுக்கும் உட்பொருள் தேடி வருந்துகின்றாள். எதிர்ப்படும் ஆடவரெல்லாம் அவளுக்கு இந்திரராகவே தோன்றுகின்றனர். இருவரிடத்தும் அன்பு குறையவில்லை. ஒருவரையொருவர் நோகச் செய்யலாகாது என்னும் அவ்வன்பே அவர்கள் பேச்சைத் தடுத்துவிடுகின்றது.

1934இல் இவ்வாசிரியரே எழுதிய ‘அகல்யை’யில் முனிவர் சபியாமலே மன்னித்துவிடுகின்றார், கதையும் அவ்விரவோடு முடிகின்றது. மன்னிப்புப் போதாது என்பதை ஆசிரியர் பின்னரே கண்டார் போலும்.

ஏன் போதவில்லை? இந்திரன் அயலான் வடிவில் வந்தானல்லன். கணவன் வடிவில் வந்தான். கம்பனில் அவள் வந்தவன் யாரென உணர்ந்தும் விலகாதவள். இங்கோ முற்றும் ஏமாற்றப்பட்டவள். ஆகவே எந்த மேனி அவளுக்கு ஆறுதலாதல் வேண்டுமோ அதிலேயே அச்சம் குடிகொண்டுவிட்டது. குழந்தையொன்று பிறப்பின் அவள் துயர் தீரும் என்றெண்ணிக் கோதமர் அவளைத் தழுவுகின்றார். கோதமர் வேடம் பூண்ட இந்திரனையே அவள் காண்கின்றாள்; மீண்டுங் கல்லாகின்றாள்.

சீதை கூறிய செய்தியும் இத்தழுவலும் அடுத்தடுத்து வருதலின், அவளைக் கல்லாக்கியது எது என்னும் மயக்கம் எழுகின்றது. இது கட்டமைப்பிலுள்ள குறையே. சீதையின் செய்தி இல்லாவிடினும் இம்முடிவு நேர்ந்திருக்கும் என்பது என் துணிபு.

முன்னர்ப் புற்று மூடுமளவும் தவமிருந்த கோதமர் இம்முறை அங்கு நிற்கவில்லை. துறவு பூண்டு கைலை நோக்கிச் செல்கின்றார். அதனைக் கைவிடுதல் எனக் கூறலாம். தாம் உடனிருத்தலே அவளுக்கு நோயாயிற்று என உணர்ந்தவரின் செயல் என்றே யான் கொள்வேன்.