வனத்திலிருந்து வந்த சாரீரம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வனப்பிரதேசத்தில் வளர்ந்து, பால்யத்திலேயே ஆபெரா சங்கீதத்தில் சாதகம் செய்த நிகா ரோசா டனிலோவா என்ற பெண்மணி, ஜோலா ஜீசஸ் என்னும் மேடைப்பெயரில், வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து, சேக்ரட் போன்ஸ் என்ற சுயேச்சை நிறுவனத்தின் வழியாக 2009-இல் வெளியிட்ட 'தி ஸ்பாயில்ஸ்' இசைத்தொகுப்பில், அவருடைய கம்பீரமான சாரீரம் இரைச்சலின் திரைக்குப் பின்னால்தான் நிற்கிறது. மறு ஆண்டே வந்த 'ஸ்ட்ரிடுலம்' அத்திரையை விலக்கிற்று. சிந்தஸைசரின் நீண்ட, இருண்ட ஸ்வரங்கள் ஆதார சுருதிபோல் அடியில் பரவி நிற்க, தாளம் நிதானமாக விழுந்துகொண்டிருக்க, அவற்றின்மேல் குரல் சிறிதும் தளராமல் எழும்பித் துக்கத்தையே பிரார்த்தனையாக்குகிற அழகு, எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. யந்திர நாதத்துக்கு இருதயம் இல்லை என்போர் இதை ஒரு தரமாவது கேட்கவேண்டும்.

2013-இல் 'வெர்ஷன்ஸ்' தொகுப்புக்காகத் தம் பழைய பாடல்களைத் தந்தி வாத்தியங்களுடன் பாடினார். அடுத்த ஆண்டு, மியூட் நிறுவனத்தின் மூலம் வந்த 'டைகா'வில் வெளிச்சம் சற்றே அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆனால், சேக்ரட் போன்ஸுக்கே திரும்பி, தமக்கு நெருங்கியவர்கள் மரணத்தின் விளிம்பில் நின்ற காலத்து வேதனையையெல்லாம் திரட்டி 2017-இல் அவர் அளித்த 'ஓகோவி'யை, அவருடைய சிருஷ்டிகளுள் தலையாயது என்று தயக்கமின்றிச் சொல்லுவேன்.