காந்தளும் கண்வலியும்

கவிதையில் காந்தள் வந்தாலே எனக்குச் சந்தேகம் வருகிறது. பெண் விரலுக்கு உவமை. இல்லாவிட்டால் மலைச்சாரலுக்கு ஓர் அடையாளம். எழுதுகிறவர் அகராதியில் பார்த்த பூ அது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களில் காந்தள்தான் முதல். அந்த வரிசையை வெறும் பாண்டித்யம் என்று ஒதுக்க முடியாது; செடியின் பக்கத்தில் நின்றவர்களின் பேச்சு அதில் இருக்கிறது. நமக்கு மிஞ்சியது பெயர் மட்டும்.

திருப்பூர் என்றதும் நம் எழுத்தில் பனியன் கம்பெனியும் சாயமும் நொய்யலும் வந்துவிடுகின்றன. அதே மாவட்டத்தில், தாராபுரம் தாலுகா மூலனூர்ப் பக்கத்து வறண்ட காடுகளில், காந்தள் ஒரு பணப்பயிர். அங்கே அதன் பெயர் கண்வலிக் கிழங்கு. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்றொரு நம்பிக்கை. கிழங்கு விஷம் என்று தெரிந்தே ஊன்றுகிறார்கள். வேண்டியது விதை. அதிலுள்ள கோல்சிசின் 'கௌட்' என்னும் மூட்டு நோய்க்கு மருந்து. விதை வெளிநாட்டுக்குப் போகிறது. விலையை வியாபாரி சொல்கிறார்.

இலையின் நுனியே சுருண்டு பந்தலைப் பற்றி ஏறும் கொடி இது. பூவின் சூலகத்தண்டோ அடியிலேயே மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீள்கிறது. பூச்சிகளை மட்டும் நம்பினால் காய் போதாது. ஆகவே காலை வேளையில் ஆட்கள் வரிசை வரிசையாகப் போய், ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தை எடுத்துச் சூலகமுடியில் தொட்டு வைக்கிறார்கள். பூ விரலைப் போன்றது என்று சொல்லிவந்த மொழியில், விரல் தொட்டால்தான் பூ காய்க்கும் என்றாகிவிட்டது. கூலிக்குத் தொடும் அந்த விரல்களை நான் படித்த ஒரு கவிதையிலும் பார்க்கவில்லை.

குறியீடே கூடாது என்பதல்ல என் கட்சி. தமிழ்நாட்டின் மாநில மலர் என்ற பட்டம் பூவுக்கு எதையும் கூட்டவில்லை. ஆனால் ஈழத்தில் கார்த்திகைப் பூ என்றால் நவம்பர் 27. 2009-க்குப் பிறகும் இறந்தவர்களை நினைத்து ஏந்தும் பூ. அதன் அரசியலோடு உடன்படாதவருக்கும் அந்தக் கனம் தெரியும். அங்கே குறியீட்டுக்குப் பின்னால் சாவு நிற்கிறது. நம் கவிதைக் காந்தளுக்குப் பின்னால் உரையாசிரியர் நிற்கிறார்.

காந்தள் என்ற சொல்லைக் கொஞ்ச காலம் விட்டுவிட்டு, கண்வலி என்றே எழுதிப் பார்க்கலாம். அப்போது அழகு போய்விடுமென்றால், அந்த அழகு நம்முடையதாக ஒருபோதும் இருந்ததில்லை என்றுதான் அர்த்தம்.