அங்கியும் காவியும்: ஆயர் உடை குறித்த ஒரு திறனாய்வு

ஆயர்களின் உடை பற்றிய பேச்சு நம் திருச்சபைகளில் எழும்போதெல்லாம், அது இரு கட்சிகளாகப் பிரிந்து நிற்பதைக் காண்கிறோம். நீண்ட அங்கியும் கழுத்துப்பட்டையும் மேலைநாட்டார் விட்டுச்சென்ற எச்சங்கள். அவற்றைக் களைந்து காவியும் கதரும் அணிவதே இம்மண்ணின் கிறிஸ்தவத்திற்கு ஏற்றது என்பர் ஒரு சாரார். முன்னோர் வழிவந்த மரபை மாற்றினால் வழிபாட்டின் மாண்பு குலையும் என்பர் மறுசாரார். இருவரும் எழுப்புவது, உடை எந்த நாட்டிற்குரியது என்னும் ஒரே வினாவையே. அவ்வுடை இறைமக்களுக்கும் ஊழியருக்கும் இடையே எத்தகைய உறவை உண்டாக்குகிறது என்னும் அடிப்படை வினா எழுப்பப்படாமலே போகிறது.

முதலாவது, மரபு என்னும் வாதத்தை நோக்குவோம். வழிபாட்டு உடைகளில் பலவும் உரோமப் பேரரசின் பிற்காலத்தில் பொதுமக்கள் உடுத்தியவையே. காலப்போக்கில் மக்கள் உடை மாறிற்று; குருக்களின் உடை மாறாது நின்றது; அதனாலேயே அது தூய உடையாயிற்று. 428இல் உரோமைப் பேராயர் முதலாம் செலஸ்தீன், தென் காலியாவின் பேராயர்களுக்கு எழுதிய மடலில், ஊழியரைப் பிரித்துக் காட்டவேண்டியவை போதனையும் நடத்தையுமேயன்றி உடையல்ல என்று கண்டித்தார். 1524இல் லூத்தர் துறவியரின் அங்கியைக் களைந்தார். இங்கிலாந்தில் ஜான் ஹூப்பர் 1550இல் பேராயர் உடையை அணிய மறுத்து, சிறைப்பட்டு, பின்னர் இணங்கி 1551இல் திருநிலை பெற்றார். இன்று நாம் காணும் வெண்ணிறக் கழுத்துப்பட்டையோ 19ஆம் நூற்றாண்டின் ஆக்கம். ஆகவே மரபு என்பது ஒரே குரலில் பேசுவதன்று. உடை பற்றிய கண்டனமும் மரபின் ஒரு பகுதியே.

அங்ஙனமாயின், காவியே விடையாகுமா? இவ்விடத்தில் மதுரையின் வரலாறு நமக்கு எச்சரிக்கையாக நிற்கிறது. 1606இல் அங்கு வந்த இராபர்ட் தே நொபிலி, கறுப்பு அங்கியை நீக்கிக் காவி உடுத்துத் தத்துவபோதகர் ஆனார். அதே நகரில், 1595 முதல் பரதவரிடையே ஊழியம் செய்துவந்த கொன்சாலோ பெர்னாந்தஸ் கறுப்பு அங்கியையே அணிந்திருந்தார். இருவரும் ஒரே இயேசு சபையைச் சேர்ந்தவர்கள். ஆயினும் இல்லங்கள் வேறு, ஆலயங்கள் வேறு. காவி ஒரு வாயிலைத் திறந்தது உண்மை. அதுவே சாதியின் மதிலைத் திருச்சபைக்குள் கொண்டுவந்ததும் உண்மை. உயர்குலத்தாருக்கு ஒரு வகைக் குரு, ஏனையோருக்குப் பண்டாரசாமிகள் என்னும் பாகுபாடு 1640இல் உருவானதை மறத்தலாகாது. இந்நாட்டு உடை என்று பொதுவாகச் சொல்கிறோம். இந்நாட்டில் எவருடைய உடை என்று கேட்பதில்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. காவி துறவின் அடையாளம். நம் ஆயர்களோ பெரும்பாலும் இல்லறத்தார். சம்பளமும் குருமனையும் உடையவர்கள். ஊழியத்தில் பெண்களும் இன்று உள்ளனர். 2013இல் நந்தியாலில் புஷ்ப லலிதா பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். வாழாத ஒரு வாழ்வை உடையால் அறிவிப்பது மெய்யாகுமா? 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சவரிராயன் ஏசுதாசனும் பாரெஸ்டர் பேட்டனும் கதர் உடுத்தியது பொருந்திற்று என்றால், எளிய வாழ்வும் மருத்துவத் தொண்டும் அவ்வுடைக்குப் பின்னே நின்றமையாலேயே.

அங்கியை அந்நியச் சின்னம் என்று எளிதாக ஒதுக்குவோர், தென் திருவிதாங்கூரையும் நினைவுகூரவேண்டும். அங்கே நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக அடிபட்டனர். 1859ஆம் ஆண்டு அரசாணை அவ்வுரிமையை வழங்கியபோதும், உயர்குலப் பெண்களைப்போல் மேலாடை அணிவதைத் தடுத்தது. எதை உடுத்தலாம் என்பதைப் பிறர் விதித்த ஒரு சமூகத்திலிருந்து ஒருவர் ஆயராகி, வெண்ணிற அங்கியுடன் திருவிருந்து மேசையருகே நின்றபோது, அம்மக்கள் அதில் மேலைநாட்டைக் காணவில்லை. தங்கள் மானத்தைக் கண்டார்கள். பண்பாட்டுமயமாக்கம் பேசும் நாம், அந்த அங்கியை அவர்களைக் கேளாமல் களையச் சொல்வது நேர்மையாகாது. ஆயினும், ஒடுக்கப்பட்டோருக்கு மானம் தந்த அதே அங்கி, பேராயத் தேர்தல்களிலும் பதவிப் போட்டிகளிலும் அதிகாரச் சின்னமாக மாறுகையில், அதே மக்களுக்கு அது அந்நியமாகிவிடுகிறது.

மறைநூல் இதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. யாத்திராகமம் 28இல் ஆரோனின் உடை பொன்னாலும் மணியாலும் ஆனது. எனினும் அதன் நடுப்பொருள் அழகன்று. இஸ்ரவேல் புத்திரரின் பெயர்களை அவன் தோளிலும் மார்பிலும் சுமக்கவேண்டும் என்பதே. மாற்கு 12இல் நீண்ட அங்கிகளுடன் உலவ விரும்பும் வேதபாரகரை ஆண்டவர் கண்டித்ததும் இதே அளவுகோலால்தான். அவர்கள் விதவைகளின் வீடுகளைச் சுமக்கவில்லை, விழுங்கினார்கள்.

எனவே நிறமும் வெட்டும் இரண்டாம் நிலையிலுள்ள காரியங்களே. ஆயரின் உடையைச் சபையே கலந்துபேசி முடிவு செய்யட்டும். அச்சபையின் ஏழைக் குடும்பம் வாங்கக்கூடிய துணியால் அது அமையட்டும். பேராயருக்கும் சிற்றூர் ஆயருக்கும் இடையே அது படிநிலையைக் காட்டாதிருக்கட்டும். யோவான் 13இல் ஆண்டவர் மேலங்கியைக் கழற்றிவைத்துச் சீடரின் கால்களைக் கழுவினார். கழுவிய பின் அதை மீண்டும் உடுத்திக்கொண்டார். உடுத்துவதை அவர் விலக்கவில்லை. கழற்றிவைக்க ஆயத்தமாயிருப்பவரே அதை உடுத்தத் தகுதியுடையவர்.