சாணைக்கு முன் ஒரு சொல்

தஞ்சை அரண்மனை ஆயுதங்களை ஆராய்ந்து ராபர்ட் எல்குட் 2004-இல் வெளியிட்ட ஆங்கில நூலை ஓசூரில் இருந்து வாசிக்கையில், பட்டறைச் சாணைகளின் இரைச்சலும் நம் செவியில் சேர்ந்தே ஒலிக்கிறது. பளபளப்பையே செம்மை எனக் கொள்ளும் ஊர் நமது.

நூல் காட்டும் கட்டாரிகள் பலவற்றில் பிடி தென்னாட்டுக் கொல்லர் வேலை; அலகோ ஐரோப்பிய வாளின் துண்டு, ஆணியறைந்து இணைத்தது. ‘கலப்பு’ என்று அதைக் கழற்றிப் புதிய அலகு பொருத்துவோர், கடல்வழி வாணிகத்தின் சாட்சியையே கழற்றி எறிகின்றனர். உருக்கெஃகின் நீரோட்டக் கோடுகளும் அவ்வாறே: சாணையில் மறையும், அமிலம் பட்டாலன்றி மீளத் தோன்றா. உதிரும் துருவை மட்டும் நீக்கி எண்ணெய் பூசுவதே போதுமானது.

சடங்கை விரித்துரைக்கும் ஆசிரியர் கொல்லரைப் பற்றி இன்னும் சற்றுப் பேசியிருக்கலாம். நம் மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-இல் அறிவிக்கப்பட்டதல்லவா?