பட்டி பார்த்த சுவர்

வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதென்றால் எல்லாரும் கலரைத்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள்.

எங்கள் படுக்கையறைச் சுவரில், முன்பு குடியிருந்தவர்கள் ஒட்டிய பூப்போட்ட பார்டர் காகிதம் இடுப்புயரத்தில் ஓடியது. அதன் மேலேயே அடித்துவிடலாமே என்றேன். “வேணாம் சார், ஈரம் பட்டா காகிதம் உப்பிக்கும்” என்றார் பெயின்டர். வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி, சற்று ஊறவிட்டு, ஓரத்தில் தகட்டை நுழைத்தார். நாடா போல் உரிந்து வந்தது. பின்னால் நின்ற பசையையும் விடாமல் கழுவித் துடைத்தார். பசை இருந்தால் பட்டி பிடிக்காதாம்.

பட்டி ‘பார்ப்பது’ என்று சொல்வதே அழகு. இது கண்ணால் செய்கிற வேலை. வெள்ளை சிமென்ட் பட்டியை, தகட்டிலிருந்து வழியாமலும் உதிராமலும் நிற்கிற பக்குவத்தில் குழைக்க வேண்டும். சில மணி நேரத்தில் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்குவார். விரிசலைக் கீறி அகலப்படுத்தி அடைத்தார். ஆணி ஓட்டைகளுக்குப் பிறகு முழுச் சுவருக்கும் மெல்லிசாக இரண்டு கை.

காய்ந்ததும் உப்புத்தாள். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு பல்பைப் பிடிக்கச் சொன்னார். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடும் பள்ளமும் நிழலாக எழுந்தன. தேய்த்த இடத்தில் உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் நின்றது கை. மறுபடியும் தகட்டை எடுத்தார்.