மே ஈப் பருவமும் தூண்டில் மரபுகளும்

தென் இங்கிலாந்தின் டெஸ்ட், கென்னட் முதலிய ஆறுகள் சுண்ணாம்புப் பாறையடியில் ஊறித் தேங்கிய நீரால் பெருகுவன. ஆதலால் ஆண்டு முழுவதும் தெளிவாகவும் பெரிதும் ஏற்றத்தாழ்வற்ற குளிர்ச்சியுடனும் ஓடுவன. இவற்றின் வண்டலில் ஒன்றிரண்டு ஆண்டுகள் புதைந்து வாழும் ஒரு பூச்சியின் நீர்ப்பருவம், மே மாதக் கடைசியில் கூட்டங்கூட்டமாக நீர்மட்டத்துக்கு எழுந்து, தோலுரித்துச் சிறகு விரிக்கிறது. மே ஈ என்று வழங்கும் இப்பூச்சிக்கு வளர்ந்த பின் உண்ணும் வாய் கிடையாது. இணைசேர்ந்து, முட்டையிட்டு, சில நாட்களுக்குள் மடிவதே எஞ்சிய வாழ்க்கை. முதல் மழைக்குப் பின் ஈசல் கிளம்புவதைக் கண்டவர்க்கு இக்காட்சி முற்றிலும் புதிதன்று. எனினும் ஈசலுக்கு இல்லாத ஒரு விந்தை இதற்கு உண்டு. பறக்கும் சிறகு முளைத்த பிறகும் இது மீண்டும் ஒருமுறை தோலுரிக்கும். பூச்சியினங்களில் மே ஈக் குடும்பத்துக்கு மட்டுமே உரிய இயல்பு இது. மங்கிய சிறகுடைய முதல் நிலையைத் தூண்டிற்காரர் ‘டன்’ என்றும், பளிங்குச் சிறகுடைய இரண்டாம் நிலையை ‘ஸ்பின்னர்’ என்றும் வழங்குவர்.

ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீன், நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டதால் தமிழரும் அறிந்ததே. மே ஈ எழும் இரு வாரங்களில், ஆழத்தை விட்டு வாராத முதிய ட்ரவுட்டும் மேலே வந்து விழுங்கத் தொடங்கும். சேவலின் கழுத்திறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த பொய் ஈயை எவர் எறிந்தாலும் மீன் கிடைக்கும் என்ற ஏளனத்தில் இக்காலத்துக்குக் ‘கற்றுக்குட்டிகளின் பதினைந்து நாள்’ என்று பெயர் வைத்தனர். இப்பெயர் பாதி உண்மையே. முதல் சில நாட்கள் அப்படித்தான். பின்னர், உண்மை ஈ ஆயிரக்கணக்கில் மிதக்கையில், பசியாறிய மீன் நீர்ப்பருவம், டன், இறந்து மிதக்கும் ஸ்பின்னர் ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்து உண்டு, மற்றதைக் கண்டும் காணாததுபோல் விடுவதுண்டு. தேர்ந்தவர் என்போரின் தேர்ச்சி அங்கேதான் அளக்கப்பட்டது. மரபுகள் பிரிந்ததும் அங்கேதான்.

இவற்றுள் மிகக் கண்டிப்பானது ‘உலர் ஈ’ மரபு. பொய் ஈ நனையாமல் மிதக்க வேண்டும்; அது மீனுக்கு மேல்நீரில் விழுந்து, தூண்டில் நரம்பின் இழுவை சிறிதும் படாமல் இயல்பாக மிதந்து வரவேண்டும்; மேலெழுந்து உண்ணும் மீன் கண்ணுக்குத் தெரிந்தாலன்றி எறியவே கூடாது. இவ்விதிகளை வகுத்தவர் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் (1844-1914). ஜார்ஜ் செல்வின் மாரியட் என்னும் நண்பரின் துணையோடு 1886இல் மிதக்கும் ஈக்களைக் கட்டும் முறை பற்றியும், 1889இல் உலர் ஈக் கலையின் கொள்கை பற்றியும் நூல்கள் வெளியிட்டார். ஆற்றில் எழும் ஒவ்வோர் ஈயையும் ஆண், பெண் வேறுபாடு வரை நிறம் பிசகாமல் படியெடுக்க அவர் முயன்றது வியப்புக்குரியது. அவர் வழிவந்தோர் அவ்விதிகளை வேதமாக்கியது அவ்வளவு வியக்கத் தக்கதன்று.

இதனை எதிர்த்தவர் ஒரு வழக்கறிஞர். ஜி. ஈ. எம். ஸ்க்யூஸ் (1858-1949) இட்சன் ஆற்றில் மீன் பிடித்தவர். அவர் பெரிதும் ஆராய்ந்தது ஆலிவ் என்னும் சிறிய மே ஈ வகைகளை. பிடித்த மீனின் வயிற்றிலிருந்து இரையைக் கரண்டியால் எடுத்து, வெள்ளைத் தட்டில் நீர் விட்டுப் பரப்பிப் பார்த்த அவர், நீர்மட்டத்தில் வளையம் எழுப்பும் மீன் பல நேரங்களில் சிறகு விரிந்த ஈயை அன்று, அதற்கு ஓரிரு அங்குலம் கீழே எழுந்துவரும் நீர்ப்பருவத்தையே உண்கிறது என்று கண்டார். ‘நிம்ஃப்’ எனப்படும் அந்நீர்ப்பருவத்தைப் படியெடுத்து, கண்ணில் பட்ட மீனுக்கு எதிர்நீரில் எறிவதும் நேர்மையான கலையே என்று 1910இலும் 1921இலும் நூல்களில் வாதாடினார். 1938இல் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இது குறித்து நிகழ்ந்த விவாதத்தில், எண்பதை நெருங்கிய அவர் ஏறத்தாழத் தனித்தே நின்றார். பின்னாளில் எந்த ஆற்றங்கரையிலும் நிம்ஃப் இல்லாத ஈப்பெட்டியைக் காண்பது அரிதாயிற்று.

தூய்மை பேசிய மரபின் பழைய வரலாறு அவ்வளவு தூயதன்று. டெஸ்ட் ஆற்றங்கரையில் 1822இல் நிறுவப்பட்ட ஹௌட்டன் கிளப், உலர் ஈயின் கோயிலாகப் பிற்காலத்தில் மதிக்கப்பட்டது. அதன் தொடக்க கால உறுப்பினர்களோ உயிருள்ள மே ஈயை முள்ளில் கோத்து, மெல்லிய பட்டு நரம்பைக் காற்று ஏந்திச் செல்ல விட்டே மீன் பிடித்தனர். இம்முறை அயர்லாந்தின் கோரிப், மாஸ்க் ஏரிகளில் நீண்ட கோலும் படகும் கொண்டு வாழும் மரபாகவே தொடர்ந்தது. அங்கே மே ஈக் காலத்தில் சிறுவர்கள் புதர்களில் ஈ பிடித்துத் தூண்டிற்காரருக்கு விற்பதும் வழக்கம். காற்று அலைக்கும் அகன்ற ஏரியில் மீனின் இருப்பிடம் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்த மீனுக்கே எறிக என்ற ஹால்ஃபோர்டின் விதி அங்கே பொருளற்றுப் போகிறது. ஸ்காட்லாந்து, யார்க்ஷயர் மலையாறுகளுக்கும் இது பொருந்தும்: கற்களிடையே பாய்ந்தோடும் நீரில் மீன் ஆராய்ந்து பார்க்க நேரமில்லாததால், நனைந்து மூழ்கும் மென்மையான ஈயே போதும் என்றனர் அவ்வூர்க்காரர்; 1857இல் வெளிவந்த டபிள்யூ. சி. ஸ்டூவர்ட்டின் நூல் இதன் சான்று. ஒவ்வொரு மரபும் தன் ஆற்றின் இலக்கணத்தையே உலகப் பொது இலக்கணம் என்று நினைத்துக்கொண்டதில்தான் பூசல் பிறந்தது எனலாம்.

அமெரிக்கா இதனை விரைவில் உணர்ந்தது. 1890இல் ஹால்ஃபோர்ட் அனுப்பிய ஈக்களைப் பெற்ற கேட்ஸ்கில் மலைப்பகுதியின் தியோடர் கோர்டன், அவை தம் நாட்டுப் பூச்சிகளை ஒத்திராமையால் தாமே புதியன கட்டினார். மிச்சிகனின் ஓ சேபிள் ஆற்றில் ஹெக்சஜீனியா என்னும் பெரிய மே ஈ கோடை இரவில் எழுவதால், அங்கே தூண்டிற்காரன் கண்ணை விட்டுக் காதை நம்பி, மீன் விழுங்கும் ஓசையை நோக்கி எறிகிறான். மொன்டானாவின் மேடிசன் ஆற்றிலோ எழுவது மே ஈயே அன்று, ஆரஞ்சு நிற உடலுடைய பெரிய கல் ஈ. அது நீர்நடுவே சிறகு விரிக்காமல் கரையேறித் தோலுரிப்பதால், நடு ஆற்றை விட்டுக் கரையோரப் புதர்களின் அடியில் எறிவோர்க்கே மீன் அகப்படும். ஹால்ஃபோர்ட் இங்கே வந்திருந்தால் எந்த அத்தியாயத்தைத் திருத்தியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பது சுவையானது.

மீனைப் பிடிக்கும் நேர்மை குறித்து இவ்வளவு எழுதிய மரபினர், ஈ என்றும் வந்துகொண்டே இருக்கும் என்று பெரும்பாலும் நம்பினர். ஹௌட்டன் கிளப்பின் ஆற்றுக் காவலரான வில்லியம் லன் அவ்வாறு நம்பவில்லை. ஆலிவ் வகையின் பெண் ஈக்கள் சில நீருக்கடியில் ஊர்ந்து சென்று முட்டையிடுவதையும், ஆற்றடியின் பிற புழுக்கள் அம்முட்டைகளைத் தின்றுவிடுவதையும் கவனித்த அவர், மரப்பலகைகளைக் கம்பியில் கட்டி நீரில் மிதக்கவிட்டார். ஈக்கள் அவற்றின் அடிப்புறத்தில் முட்டையிட்டன, புழுக்களால் அங்கே எட்ட இயலவில்லை.