பருத்த உடலும் மெலிந்த நகைச்சுவையும்

சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினாவைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே எழுப்பி விடையும் கண்டனர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. உரையாசிரியரான பேராசிரியர், எள்ளலை மேலும் இரண்டாகப் பகுப்பார். பிறரை இகழ்ந்து தான் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை இகழும்போது தானும் சிரிப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது சிரிப்பின் பொருளை அறிய விரும்புவோர், பருத்த உடலினர் ஒருவரை நண்பர் குழாம் கேலி செய்யும் இடத்தில் சிறிது நேரம் நின்றாற் போதும். எல்லாரினும் உரக்கச் சிரிப்பவர் அவராகவே இருப்பார். வேறு வழி அவருக்கு வைக்கப்படவில்லை.

நம் திரைப்படங்களும் மேடை நாடகங்களும் அந்த நான்கனுள் எள்ளலையே பெரிதும் பற்றிக்கொண்டன. பருத்தவர் அமர்ந்தால் நாற்காலி முறியும். பந்தியில் அவர் சாப்பாட்டுராமனாகவே இருப்பார். காதல் என்ற சொல்லை அவர் உச்சரித்தாலே அரங்கம் சிரிக்கும். அத்தகைய பாத்திரத்துக்குத் தாய் தந்தையர் இல்லை, கவலை இல்லை, கதையும் இல்லை. எடை ஒன்றே உண்டு. நடிகரின் இயற்பெயருக்கு முன்னால் ‘குண்டு’ என்னும் சொல்லைப் பட்டம்போல் ஒட்டிவிடுவதும் நம் வழக்கமாயிற்று.

வடபுலத்தில் வாழும் நமக்கு ‘டுன் டுன்’ என்னும் பெயர் புதிதன்று. அலுவலகத்திலும் அண்டை வீடுகளிலும் பருத்த பெண்களைச் சுட்ட அதனைப் பயன்படுத்தக் கேட்டிருக்கிறோம். அப்பெயருக்கு உரியவர் உமா தேவி என்னும் பாடகியார் என்பதை அறிந்தோர் சிலரே. இளமையிலேயே பெற்றோரை இழந்து, பம்பாய்க்கு வந்து, நௌஷாத்தின் இசையில் 1947இல் ‘தர்த்’ படத்துக்குப் பாடிப் புகழ் பெற்றவர். ஜெமினி வாசன் 1948இல் வெளியிட்ட இந்தி ‘சந்திரலேகா’விலும் அவர் குரல் ஒலித்தது. 1950இல் வந்த ‘பாபுல்’ படத்தின் மூலம் நகைச்சுவை நடிகையாகி, அத்துறையிலும் வெற்றி கண்டார். அவருடைய திறமையை யாரும் மறுக்கவில்லை. ஆயினும், குரலால் அறிமுகமான ஒருவரின் பெயர், பிறர் உடலைப் பழிக்கும் பொதுச்சொல்லாக நிலைத்துவிட்டது. 2003இல் அவர் மறைந்த பின்னரும் அச்சொல் மறையவில்லை.

2015இல் வெளியான இரு படங்கள் இந்த வழக்கத்தை எதிர்த்தன. ‘தம் லகா கே ஹைஷா’ என்னும் இந்திப் படத்தின் நாயகி படித்தவள், பருத்தவள். தன்னை நண்பர்களிடையே இழித்துப் பேசும் கணவனை அறைந்துவிட்டு, அவள் பிறந்தகம் செல்கிறாள். அவள் மெலிந்த பிறகுதான் கணவன் மனம் மாறினான் என்று கதை முடியவில்லை, இது பாராட்டத்தக்கது. எனினும், இறுதிக் காட்சியில் கணவன் அவளைச் சுமந்து ஓடும் பந்தயமே உச்சமாகிறது. அவளுடைய கல்வியைவிட அவளுடைய எடையே கடைசிவரை நம் கண்முன் நிற்கிறது. அனுஷ்கா தம் உடலைப் பெருக்கி நடித்த ‘இஞ்சி இடுப்பழகி’ நல்ல நோக்கம் உடையது. மெலியவைப்பதாகச் சொல்லி ஏமாற்றும் வாணிகத்தை அது கண்டிக்கிறது. ஆனால் உண்மையிலேயே பருத்த ஒரு நடிகையை நாயகியாக்கும் துணிவு அங்கும் பிறக்கவில்லை. இடை உண்டோ இல்லையோ என ஐயுறுமாறு பாடிய புலவர்களின் உயர்வுநவிற்சியை, நாம் மணமகள் தேடும் விளம்பரங்களில் அளவுகோலாக்கிவிட்டோம். ஆனைமுகனின் பெருவயிற்றை அன்போடு பாடிய மொழியும் இதுவே என்பதை மறந்தோம்.

‘உடல்நலம் கருதித்தானே சொல்கிறோம்’ என்பர் சிலர். மரபு, சுரப்பிகளின் கோளாறு, சில மருந்துகள் ஆகியவையும் உடலைப் பருக்கச் செய்யும். உண்மையிலேயே நலம் கருதுவோர் தனியே, கனிவோடு பேசுவர். பந்தியில் பலர் முன்னிலையில் பேசமாட்டார். ‘மருந்து’ அதிகாரத்தில் அளவறிந்து உண்ணச் சொல்லும் வள்ளுவர், எவர் உடலையும் நகையாடவில்லை. வினைத்திட்பம் பேசுமிடத்தில், பெருந்தேரின் சிறிய அச்சாணியைக் காட்டி, தோற்றம் கண்டு எவரையும் இகழலாகாது என்கிறார். அக்குறளைச் சிறிய உருவத்தினர்க்கு மட்டுமே பொருத்திப் பழகிவிட்டோம். பெரிய உருவத்தினர்க்கும் அது அரண் அன்றோ?

ஊரைவிட்டு வந்த நம் பிள்ளைகள் தமிழை வீட்டுக்கு அடுத்தபடியாகச் சங்க மேடையிலேதான் கேட்கின்றனர். ஆண்டுவிழா நாடகத்தில் பருத்த சிறுவனுக்கு ஆண்டுதோறும் தின்னிப் பாத்திரமே கிடைக்குமானால், அவன் கற்கும் தமிழ் எத்தகையது? தமிழ் என்றாலே தன்னைச் சிரிக்கும் மொழி என்று அவன் எண்ணிவிட்டால், பின்னர் எத்தனை வகுப்பு நடத்தினும் பயனில்லை. நாடகம் எழுதும் அன்பர்கள் அடுத்த ஆண்டு அவனுக்கு ஒரு நீதிபதியின் வேடமோ, கவிஞனின் வேடமோ, காதலனின் வேடமோ தரட்டும். இளமையும் பேதைமையும் மடனும் இருக்க, நகைச்சுவைக்குப் பஞ்சம் வந்துவிடாது.